ரமேஷைக் கழிச்சாச்சா?

கிழக்கேகோட்டையில் ஏறிய பஸ்ஸில் பக்கத்து சீட் பெண் ஒரு தேர்வுப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து பேர், ஐந்து வேலை, ஐந்து நிறச் சட்டை. இதில் டாக்டர் யார்?

கட்டம் போட்டு, பொருந்தாதவர்களை அடித்துக்கொண்டே வந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ரமேஷைக் கழிச்சாச்சா?"

இயர்போனைக் கழற்றியவள் காதில் கடைசிச் சொல்தான் விழுந்திருக்கிறது. "கழிச்சு ஆன்ட்டி. ஆன்ட்டி கழிச்சோ?"

மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது.

முப்பது வருஷத்துக்கு முன்னால், ஆரியசாலை மாடி ஒன்றில் நடந்த கோச்சிங் வகுப்பில், எனக்கும் ஷைலஜாவுக்கும் சேர்த்து ஒரே புத்தகம். முதல் நாள் இதையேதான் அவளிடமும் கேட்டேன். "ஞான் ஆளுகளெ கழிக்காறில்ல" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அதற்குப் பிறகு தினமும் இருவரும் ஆட்களைத் தின்றுதான் விடை கண்டுபிடித்தோம்.

தேர்வு முடிவு வந்தபோது பட்டியலில் அவள் இருந்தாள். என்னைக் கழித்திருந்தார்கள். காசர்கோட்டில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு கடிதம் போட்டாள். பொறாமையில் நான் பதில் எழுதவில்லை.

ஷைலஜாவைத் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், நான் கேட்டதாக ஒன்று மட்டும் கேளுங்கள்.

கழிச்சோ?