ஒன்பது நூல்

மலைமேல் விடுமுறை பங்களா கட்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வருஷத்துக்குப் பத்து நாள் வந்து தங்குவார்கள், மூன்று வேளையும் ஓட்டலிலிருந்து வரவழைத்துச் சாப்பிடுவார்கள், ஆனால் சமையலறை மட்டும் கல்யாண மண்டபத்தில் இருப்பதைவிடப் பெரிதாக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் ஏற்காட்டில் அப்படி ஒரு பங்களாவுக்கு அலமாரி வேலை செய்தேன். வீட்டுக்கார அம்மாளுக்குக் கருங்கல் மேடை பிடிக்கவில்லை. சுற்றிலும் பாறையாகக் கிடக்கிறதே, அதனாலேயே பிடிக்கவில்லை போலிருக்கிறது. பொடியையும் பிசினையும் குழைத்து வார்த்த வெள்ளைப் பலகைதான் வேண்டுமென்றார். தட்டிப் பார்த்தேன். கல்லின் சத்தமும் இல்லை, மரத்தின் சத்தமும் இல்லை. அதற்குப் பெயர் செயற்கைக் கல்லாம்.

அதை அறுத்துக் கொடுக்க அடிவாரத்தில் ஒரு பட்டறை இருந்தது. நான் அங்கேதான் வேலைக்கு இருந்தேன். முதலாளிக்கு உளியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது. கம்ப்யூட்டர் சொன்னபடி அறுக்கும் ரௌட்டர் மெஷினைப் பெங்களூரில் எங்கேயோ பார்த்துவிட்டு, வாங்கி வந்து போட்டார். கட்டில் அகலத்துக்கு ஒரு மேஜை, அதன் மேல் தானாக நகர்ந்து அறுக்கும் ஒரு முனை, பக்கத்தில் ஒரு திரை. முதல் நாள் பூசணிக்காய் உடைத்து, திரையின் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள்.

“இனிமே கை நடுங்குச்சு, கண்ணு மங்குச்சுங்கற பேச்சே கெடையாதுங்க மேஸ்திரி” என்று முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார்.

என் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை. அந்த ஒரு பேச்சுக்காகவே அந்த மெஷின் மண்ணைக் கவ்வ வேண்டுமென்று நினைத்தேன்.

அதை ஓட்ட ஒரு பெண்ணை வைத்திருந்தார். டிப்ளமா படித்தவள், இருபத்தைந்து வயதிருக்கும், சேலத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். இந்தச் சமையலறை ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம், கெட்டால் அன்றைக்கே கிளம்ப வேண்டியதுதான் என்று முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்த வட்டாரத்தில் வேறெங்கும் அப்படி மெஷின் கிடையாது. இங்கே இல்லையென்றால் அவள் மறுபடி டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கத்தான் போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளை நான் ஒரு ஆளாக மதிக்கவில்லை. ஒரு சட்டம் இழைத்ததில்லை, ஒரு ஆணி அடித்ததில்லை, பொத்தானைத் தட்டிவிட்டு அறுத்தேன் என்று சொல்லிக்கொள்கிறாளே என்று எரிச்சல்.

அளவெடுத்தது நான். மொத்தம் ஆறு பலகை. மேடையைச் சுற்றி சில்வர் ஓக் மரத்தில் சட்டம் அடித்து வைத்திருந்தேன். பலகைகள் அதற்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். அறுபத்திரண்டு இஞ்சு ஏழு நூல் என்றால் 62 என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, 7 என்று எழுதுவோம். படித்தவர்களின் கணக்கில் அதே புள்ளிக்குப் பத்தில் ஏழு பங்கு என்று அர்த்தம். எட்டில் ஏழைவிட அது குறைச்சல்.

அளவுச் சீட்டை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை மில்லிமீட்டராக மாற்றித் தட்டிக்கொண்டே போனாள். பாதியில் நிறுத்தினாள். சீட்டை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை பார்த்தாள்.

“ஏனுங்ண்ணா, புள்ளிக்குப் பின்னால எங்கயுமே எட்டும் ஒம்பதும் வரக் காணமுங்களே?”

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு அளவுகளைப் பார்த்து, அதில் என்ன இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். எட்டு நூல் ஆனால் அடுத்த இஞ்சு, அதனால்தான் வராது அம்மிணி என்று ஒரு வரி சொன்னால் போதும். அவள் எங்கே தவறப் போகிறாள் என்பதும் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“எழுதியிருக்கறதப் போடு அம்மிணி. மெஷினுக்குத் தெரியாததா?” என்றேன்.

அவள் இன்னும் ஒரு தடவை சீட்டைப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

பலகைகளை வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொன்றாகச் சட்டத்துக்குள் இறக்கினோம். எல்லாமே சின்னது. ஆனால் ஒரே மாதிரி சின்னது இல்லை. ஒன்றில் இடைவெளி தலைமயிர் அளவு, இன்னொன்றில் பென்சில் முனையையே செருகலாம் போலிருந்தது. முதலாளி குழம்பிப்போனார். கரண்டு ஏறி இறங்கியிருக்கும் என்றார், மலைக் குளிருக்குப் பலகை சுருங்கியிருக்கும் என்றார். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அளவு செரியாத்தானுங்க குடுத்தீங்க?”

“செரியாத்தானுங்க குடுத்தேன்” என்றேன். டேப்பை விரித்துக் காட்டினேன். அதில் பொய் இல்லை.

அவள் சீட்டை வாங்கி ஒவ்வொரு இடைவெளியோடும் ஒப்பிட்டுப் பார்த்தாள். புள்ளிக்குப் பின்னால் ஒன்று இருந்த இடத்தில் கொஞ்சம், ஏழு இருந்த இடத்தில் நிறைய. விரல் விட்டு எண்ணினாள்.

“இஞ்சுக்கு எட்டுங்களாண்ணா?”

“ஆமா அம்மிணி.”

“அன்னிக்கே கேட்டனுங்களே.”

“தெரியலீன்னா கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டாமாம்மா?” என்று முதலாளி கத்தினார்.

“கேட்டனுங்க” என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அவள் கணக்கு முடிந்தது. வேனில் எங்களோடு வர மாட்டேனென்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

இடைவெளிகளை சில்வர் ஓக் சிம்பு வைத்து நானே அடைத்தேன். வீட்டுக்கார அம்மாள் வந்து பார்த்துவிட்டு, வெள்ளைக்கு நடுவில் மரக்கோடு ரொம்ப அழகு, இது யாருடைய யோசனை என்று கேட்டார். முதலாளி என்னைக் கைகாட்டினார். நானும் இளித்துக்கொண்டு நின்றேன். என் ஆயுளில் நான் அருவருத்த மனிதர்கள் நிறைய. அன்றைக்கு அந்தச் சமையலறையில் நின்றவனுக்குத்தான் அதில் முதலிடம்.

அவளுக்குப் பதிலாக ஒருவன் வந்தான். சட்டைப்பையில் மூன்று பேனா, கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. கொடுத்த சீட்டைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். நான் அதற்குள் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ‘நூல்’ என்று எழுத ஆரம்பித்திருந்தேன். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

ஒரு நாள் வேண்டுமென்றே, உடைந்து வீணான பலகை ஒன்றை அறுக்க, முப்பத்தொரு இஞ்சு ஒன்பது நூல் என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்பது நூல் என்று உலகத்தில் ஒரு அளவு கிடையாது. கொடுத்துவிட்டு அவன் பக்கத்திலேயே நின்றேன். வாசித்தான், தட்டினான், எழுந்து டீக்கடைக்குப் போனான். முனை இறங்கி அறுக்க ஆரம்பித்தது. அது அறுத்து முடிக்கும்வரை, யாராவது ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களா என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.