ஜாதகத்தோடு போன சான்றிதழ்

ஜப்பானில் ஒரு காலத்தில் பெண்களுக்கென்று பள்ளிகள் நடத்தியவர்கள், அவற்றின் நோக்கத்தை நான்கே ஜப்பானிய எழுத்துகளில் சொல்லிவிட்டார்கள்: நல்ல மனைவி, அறிவுள்ள தாய். ஆரணியில் எங்கள் வீட்டில், அப்பாவின் தறிச் சத்தத்துக்கு நடுவே செல்போனில் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பாடம் வந்தது. தையலும் அடக்கமும் நிறைய, கணக்கும் அறிவியலும் கொஞ்சம். பாவம் அந்தப் பெண்கள் என்று பெரிய மனதோடு பரிதாபப்பட்டேன்.

அந்த மொழியில் மூன்றாம் நிலைத் தேர்வு வரை தேறினேன். சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் வேலை தருவதாகச் சொன்னது. திங்கட்கிழமை அசல் சான்றிதழோடு நேரில் வர வேண்டும். சனிக்கிழமை பீரோவைத் திறந்தால் சான்றிதழைக் காணோம்.

"போளூர் மாப்ள வீட்டுக்கு ஜாதகத்தோட அதையும் குடுத்தனுப்பிட்டேம்மா. ஜெராக்ஸ் குடுத்தா மதிப்பா இருக்காது பாரு" என்றார் அப்பா, தறியில் உட்கார்ந்தபடியே.

"போய் வாங்கிட்டு வாங்கப்பா."

தறி நின்றது. "ஜாதகம் அவங்க கையில இருக்கும்போது எதைத் திருப்பிக் கேட்டாலும், சம்பந்தம் வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். பொருத்தம் பாத்துகினு இருக்காங்க. ஜல்தி பண்ணாத."

அப்பா கெட்டவர் இல்லை. என்னைப் படிக்கவைத்ததே அவர்தான். அதனால்தான் கத்தவும் முடியவில்லை. நானே போளூர் பஸ் ஏறலாம் என்று செருப்பை மாட்டினேன். பெண்ணே வந்து ஜாதகத்தைக் கேட்டாள் என்று பேச்சு கிளம்பினால் அப்பா கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. கழற்றிவிட்டேன். செருப்பைக் கழற்றிய அந்தப் பெண்மீது எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். "பொருத்தம் நல்லா இருக்குதும்மா. உன் சர்டிபிகேட்ட சாமி ரூம்ல பத்திரமா வெச்சிருக்கேன். நாளைக்கு பேரப் பசங்களுக்கு நீயே பாடம் சொல்லிக் குடுத்துடுவ, டியூஷன் தேவையே இல்ல."

பாடத்தில் படித்த நான்கு எழுத்துகளையும் அவர் தமிழிலேயே சொல்லி முடித்துவிட்டார். "சரிங்க" என்றேன்.

திங்கட்கிழமை சென்னைக்குப் போன் செய்தேன். நகல் செல்லாது என்றார்கள்.

இப்போது போளூரில், எங்கள் வீட்டுக் கூடத்தில், அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. யார் வந்தாலும் மாமியார் முதலில் அதைத்தான் காட்டுவார். "எங்க மருமக ஜப்பான் பாஷை படிச்சவ" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் காபியோடு வந்து நிற்க வேண்டும்.