சத்தம் பத்தலை

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடமே அளவீடுகள்தான். அலகு, பரிமாணம், பிழைகள். காலாண்டுத் தேர்வில் அதிலிருந்து ஒரு பெரிய கேள்வி நிச்சயம் வரும் என்று டீச்சர் பயமுறுத்தி வைத்திருந்தார். நான் வாய்விட்டுப் படிக்கிற ரகம். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் மேலும் கீழும் நடந்தால்தான் மண்டையில் ஏதாவது ஏறும். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் டீ டம்ளரோடு உட்கார்ந்து கேட்பார்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாப் படி தாயி" என்பார்.

விசையின் பரிமாண வாய்ப்பாட்டைத் தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்துவேன். மகள் படிக்கிற படிப்பு எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணை முழுக்கத் தெரியவேண்டும் என்கிற பெருமை அவருக்கு, என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு அத்தை ஒருநாள், "எம்மா, எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. பரீட்சைக்கு நான் வேணா போய்ட்டு வாரேன்" என்றார்.

பட்டாசு கம்பெனியில் அப்பாவுக்கு வெடி போட்டுப் பார்க்கிற வேலை. சாயங்காலமானால் அன்றைக்குச் செய்த அணுகுண்டு வெடிச் சரக்கிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் பின்னால் கிடக்கும் பொட்டலுக்குப் போவார். வெடித்துப் பார்த்து அவர் தலையாட்டினால் சரக்கு பெட்டிக்குப் போகும். "சத்தம் பத்தலை" என்றால் மறுநாள் டப்பிக்குள் வெடிமருந்தைக் கூட்டிச் செலுத்துவார்கள். சத்தத்தை அளக்க ஆபீசில் ஒரு மீட்டர் இருந்தது. ஆய்வுக்கு யாராவது வந்தால் மட்டும் அது உறையைவிட்டு வெளியே எட்டிப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் அப்பாவின் காதுதான் மீட்டர். அவர் சொல்லுக்கு போர்மேன் மறுபேச்சு பேசமாட்டார். வீட்டில் எங்களுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

அந்தத் தீபாவளி சீசனில் சித்திக்குக் கை வெந்துபோனது. சித்தி அம்மாவின் தங்கை, அதே கம்பெனியில் மருந்து செலுத்துகிறவள். செலுத்தும்போது உரசித் தீப்பிடித்துவிட்டது. அறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள், நல்லவேளை, உயிர் போகவில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இரண்டு கையும் முழங்கைவரை வெந்திருந்தது. சிவகாசி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அம்மா துணைக்கு அங்கேயே இருந்தாள். மாற்றுச்சேலை எடுக்க வீட்டுக்கு வந்தவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"கொஞ்ச நாளாவே மருந்தக் கூட்டு, கூட்டுன்னு சொல்லிருக்காக. அம்புட்டையும் அந்தச் சின்ன டப்பிக்குள்ள திணிச்சா உரசாம என்ன செய்யும்?"

அப்பா "என்ன?" என்றார். அம்மா உரக்கத் திருப்பிச் சொன்னாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். யார் கூட்டச் சொன்னது என்று நான் யோசிக்கவில்லை. எனக்குப் பரீட்சை இருந்தது.

மறுநாள் நான் பிழைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். முறையான பிழை எப்போதும் ஒரே பக்கமாகத்தான் வரும், எத்தனை முறை திருப்பி அளந்தாலும் போகாது. அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அப்பிடின்னா என்ன தாயி?"

"கருவியிலயே கோளாறுப்பா. குறைச்சலாக் காட்டுற தராசு எப்பவும் குறைச்சலாத்தான் காட்டும்."

"அது அந்தத் தராசுக்கே தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தராசுக்கு எப்பிடிப்பா தெரியும்? நல்ல தராசு ஒண்ணப் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பொட்டலுக்குக் கூட்டிப்போனார். பையில் அணுகுண்டுகள் இருந்தன. போன வருஷத்துச் சரக்கில் ஒன்று, இப்போது செய்ததில் ஒன்று. வெடித்ததும் எது எப்படிக் கேட்டது என்று சொல்லவேண்டுமாம். காதைப் பொத்தப் போன என் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். பழையது வழக்கம்போல வெடித்தது. அடுத்ததற்கு நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. கருவேலங்காட்டிலிருந்து காக்கைகளெல்லாம் எழும்பிக் கத்தின. அப்பா வெடியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத வெடி நமத்துப்போயிருந்துச்சுல்ல? ரெண்டாவதுதான சரியாக் கேட்டுச்சு?" என்றார்.

"என்னப்பா சொல்றீங்க? மொத வெடியே நல்ல சத்தம். ரெண்டாவதுக்கு எனக்குக் காதே அடைச்சுப்போச்சு."

அதையும் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. அப்பா கொதிக்கிற தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெடி போட்டே போன காது. எனக்கு அழுகை வந்தது. டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும் என்று தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தார். இனிமேல் மீட்டரை வைத்துப் பாருங்கள், என் காதை நம்பாதீர்கள் என்று போர்மேனிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிட்டாராம். சாயங்காலம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கை வெந்தபிறகு சித்தியை அவர் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை.

சித்தியின் இரண்டு கைகளையும் கட்டுப்போட்டுத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். அம்மா இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிலோரம் நின்றேன். அப்பா வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மச்சான், ஏன் அங்கனயே நிக்கீக? உள்ள வாங்க" என்றாள் சித்தி.

அப்பா ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தார், உள்ளே வரவில்லை. பார்வை மறுபடி அந்தக் கட்டுகளுக்கே போனது. எல்லாம் தெரிந்தவள் மாதிரி நான் சித்தியின் பக்கம் குனிந்து, "அப்பாவுக்குக் காது மந்தம் சித்தி, சத்தமாக் கூப்பிடுங்க" என்றேன். சித்தி பாவம், வலியோடு தம்கட்டி, "மச்சான்" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அப்பா பழப்பையைக் கதவோரம் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். நான் சித்தியிடம் சொன்னேன்: "சத்தம் பத்தலை சித்தி."

அந்தக் காலாண்டில் முறையான பிழைக்கு எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. இன்றைக்குக் காரியாபட்டியில் பிள்ளைகளுக்கு அதே பாடத்தை நடத்துகிறேன். தராசைத்தான் உதாரணம் சொல்கிறேன், வேறு சொல்ல வாய் வருவதில்லை. சித்தி மெதுவாகக் கூப்பிட்டாளே, அந்த முதல் குரலே அப்பாவுக்குக் கேட்டிருந்தது.