டிரம்பெட்டுக்காரியின் ஈறு

யூஃப்ரோசினா டிரம்பெட் ஊதினால் எதிர்மலைக் கழுதைகள் தாளம் தப்பாமல் காதாட்டும். நம்பாதவர்கள் மெக்சிகோவின் வஹாகா மலைக்கு வந்து கழுதைகளையே கேட்டுக்கொள்ளலாம். அப்பேர்ப்பட்டவளுக்கு ஈறு வீங்கி, முன்பற்கள் ஆட ஆரம்பித்தன. டிரம்பெட்டை உதட்டில் அழுத்தினால் ரத்தம்.

"திருவிழாவுக்கு உன் இடத்துல வேற ஆளப் போட்டுரவா?" என்றார் பேண்ட் தலைவர் கிறிஸ்பின்.

"போட்டுத்தான் பாருங்களேண்ணே! அந்தாளோட நடு முதுகுல ஏறி நின்னு ஊதுவேன்."

பல் டாக்டர் நெரேய்தா ஈறைச் சுத்தம் செய்து, மிகக் குறைந்த அளவு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தாள்.

"கிருமி மருந்துதானே? இத்தனூண்டுக்குக் கொசுகூடச் சாவாதே, டாக்டரம்மா!"

"கொல்ல இல்லக்கா. வீக்கத்துல உங்க ஒடம்பே ஒரு என்சைமச் சுரக்குது. பல்லப் பிடிச்சிருக்கிற நாருங்கள அது கத்தரிச்சுத் தள்ளுது. இந்தக் கொஞ்ச மருந்து அந்தக் கத்தரியோட வாயக் கட்டும். வெறும் வயித்துல, தண்ணியோட போடுங்க. பால் கூடாது. அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடிச்சு வெச்சுக்கும்."

பாலைத் தொடுவதில்லை என்று யூஃப்ரோசினா சபதமே எடுத்தாள். வாரங்கள் ஓடின. பல் ஆடுவது நிற்கவில்லை. திரும்பவும் போய் நின்றாள்.

"காலையில எதோட மாத்திரை போடறீங்க?"

"ஒத்திகை வீட்டுல குடுக்கற சோளக்கூழோட. வேண்டாம்னா அந்த வீட்டையே அவமதிச்ச மாதிரி."

"கூழு எதுல காய்ச்சறாங்க?"

யூஃப்ரோசினா கூரையைப் பார்த்தாள். "...பால்ல."

மறுநாள் விடிந்ததும் வீட்டிலேயே தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, மூடி போட்ட சட்டியோடு ஒத்திகைக்குப் போனாள். அந்த வருடம் திருவிழாவை எடுத்து நடத்தும் வீட்டுக்காரி மசெதோனியா கூழை நீட்டினாள். இவள் அப்படியே சட்டியில் ஊற்றிக்கொண்டாள்.

"ஏண்டி, எங்க வீட்டுக் கூழு உனக்குக் கசக்குதா?"

"தேனா இருக்கு மதினி. அவசரமாக் குடிச்சு வீணாக்குவேனா? மத்தியானம் ஆற அமரக் குடிப்பேன்."

தினமும் அதே சட்டி, அதே கேலி. பேண்டே அவளைச் சட்டிக்காரி என்றது. "கூப்பிடுங்க, கூப்பிடுங்க. திருவிழாவில பதில் சொல்றேன்" என்று அவள் சட்டியைக் கீழே வைக்கவேயில்லை. ஈறு மெல்ல வற்றியது. பற்கள் பிடித்து நின்றன.

திருவிழாவன்று கோயில் வாசலில் கடைசி நீண்ட சுரத்தைப் பிடித்தாள். இழுத்தாள், இழுத்தாள், மெழுகுவத்திகளெல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்தன. முடித்ததும் வெள்ளைக் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்து, கிறிஸ்பின் மூக்குக்கு நேரே விரித்தாள். ஒரு பொட்டுச் சிவப்பில்லை.

"யாரையோ போடறேன்னீங்களே, எங்கண்ணே அவரு?"

கிறிஸ்பின் தொப்பியை எடுத்து முகத்தை விசிறிக்கொண்டார்.