கலங்கிய கோபுரம்

சட்ட மேலவை திரும்ப வருகிறது, ஆசிரியர்களுக்குத் தனி ஓட்டு என்றார்கள். ஆரணி தாலுகா அலுவலகத்தில், அதற்கான வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பம் வாங்கும் வேலை எனக்கு. ஒல்லியான கணக்கு வாத்தியார் ஒருவர், ரசீதிலிருந்த அரசு முத்திரையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"கோபுரம் கலங்கிப்போச்சுங்க. இன்னொருவாட்டி குத்துங்க."

குத்தினேன்.

மேலவை வரவில்லை. அவர் மட்டும் ஆண்டுதோறும் வந்து பட்டியலில் தன் பெயரைப் பார்ப்பார்.

"அவையே இல்லீங்க சார்" என்றேன் ஒருமுறை.

"அது வர்றப்ப வரட்டும். நம்ம பேரு சரியா இருக்கணும்ல?"

இந்த ஜனவரியில் அவருடைய மகள், அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு வந்தார்.

"செத்தவங்க பேரு லிஸ்ட்ல இருக்கக்கூடாதுன்னு அப்பா சொல்லிகினே இருந்தாருங்க. எடுத்துடுங்க."

மனுவை வாங்கிக்கொண்டு ரசீதில் முத்திரை குத்தினேன். கோபுரம் கலங்கியிருந்தது. மகள் பார்க்காமலேயே மடித்துக்கொண்டு போனார். இன்னொருமுறை குத்த எடுத்த முத்திரைக்கட்டை என் கையிலேயே இருந்தது.