அடுக்கு எண்ணுக்கு ஆறு பாயிண்ட்

திருவாரூரில் கணக்குக் கேள்வித்தாளை அச்சுக்கு வடிவமைக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வேலை தேடி அலையாமல், ஒரு மாடியறையில் கணினியும் பிரிண்டரும் போட்டு உட்கார்ந்தவள் நான். மற்ற கடைகளில் எழுத்தை மவுஸால் பிடித்து இழுத்துப் பெரிதாக்குவார்கள். நான் லேடெக் என்ற மென்பொருளில் வேலை செய்கிறேன். அதில் எதையும் இழுக்க முடியாது. இந்த அளவு வேண்டும் என்று கட்டளையாக எழுத வேண்டும். எழுதிவிட்டால் மறுபேச்சு பேசாது. எனக்கும் அதற்கும் ஒத்துப்போவது அதனால்தான்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் டியூஷன் சென்டர்காரர்கள். அத்தனை பேருக்கும் ஒரே பிடிவாதம்: முழுக் கேள்வித்தாளும் ஒரே தாளின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிட வேண்டும். கணக்குத் தாளில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் எக்ஸ் தலையில் இருக்கும் அடுக்கு எண்ணும், வரிக்குள் வரும் பின்னமும் கூடவே வளரும்; வரிகள் விலகும்; கடைசிக் கேள்வி அடுத்த தாளுக்கு ஓடும். அதனால் என்னுடைய மூலக் கோப்பில் ஒரு வரி சேர்த்து வைத்தேன். எழுத்து எந்த அளவில் இருந்தாலும் சரி, அடுக்கு எண்ணும் பின்னத்தின் எண்களும் ஆறு பாயிண்ட் அளவைத் தாண்டக் கூடாது. அந்த ஒரு வரியால்தான் ஊரில் என் பெயர் பரவியது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம், நன்னிலம் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வேலை வந்தது. பதினோராம் வகுப்பில் கணக்கு குரூப்பில் சேர அந்தப் பள்ளியே ஒரு தேர்வு வைக்கும். எழுதுகிறவர்களில் பார்வை குறைந்த பெண் ஒருத்தி. அவளுக்கு மட்டும் இருபது பாயிண்ட் எழுத்தில் தாள் வேண்டும். கோப்பின் தலையில் ஓர் எண்ணை மாற்றினேன், அவ்வளவுதான். அச்சான தாளைச் சுவரோரம் வைத்துவிட்டு எதிர்ச்சுவரிலிருந்து வாசித்துப் பார்த்தேன். கேள்விகள் பளிச்சென்று தெரிந்தன. பத்து நிமிடத்தில் வேலை முடிந்த திருப்தியோடு உறையில் போட்டு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணே தன் அப்பாவோடு மாடியேறி வந்தாள். கையில் நான் அச்சடித்த தாள். அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் நடுகிறவர். மேட்டூர் அணை திறந்து, குறுவை நடவுக்கு ஆள் கிடைக்காமல் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது.

"வேலை கெடக்கு, அப்புறம் போவலாம்னேன். அச்சடிச்சவங்களையே கேக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா," என்றார்.

அவள் தாளை மேசைமேல் விரித்து ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"அக்கா, இந்த எக்ஸுக்கு மேல மூணு இருக்காம். சிநேகிதி வாசிச்சுச் சொன்னா. எனக்கு ஒரு புள்ளிதான் தெரியுது. வர்க்கம்னு நெனச்சுப் போட்டேன், எல்லாம் தப்பு. லிஸ்ட்ல பேர் வரல. அது போவட்டும். பார்வை இன்னும் கொறையலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. கொறைஞ்சு போச்சா, இல்ல தாளே இப்படித்தானா? அதை மட்டும் சொல்லுங்க."

"என் கடையில இருபது பாயிண்ட்னா இருபதுதாம்மா," என்றேன். வாய்த்துடுக்கு எனக்குப் பிறவியிலேயே உண்டு. அவள் முகம் விழுந்ததைப் பார்த்த பிறகும், நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்றுதான் கோப்பைத் திறந்தேன்.

என் வரி அங்கே இருந்தது. எழுத்து இருபது பாயிண்ட், அடுக்கு எண் ஆறே பாயிண்ட். எதிர்ச்சுவரிலிருந்து நான் வாசித்தது சொற்களை மட்டும்தான். ஓர் அடுக்கைக்கூடப் பார்க்கவில்லை. கணக்குத் தாளில் கணக்கைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். பொய் சொல்லித் தப்பிக்க ஒரு நொடி மனம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"தாள்லதான்மா தப்பு. நான் செஞ்ச தப்பு. இந்த மூணு எனக்கே கண்ணாடி போட்டாத்தான் தெரியுது."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்பாதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஃபோனப் பாத்துப் பாத்துக் கண்ணைக் கெடுத்துக்கிட்டியேன்னு வாரம் பூரா இவளைத் திட்டிட்டேங்க," என்றார்.

அன்றே அவர்களோடு பள்ளிக்குப் போனேன். லிஸ்ட் ஒட்டியாகிவிட்டது என்றார் தலைமையாசிரியை. "இந்தப் பொண்ணுக்கு அந்த குரூப் கஷ்டம்தானேங்க?" என்றும் மெதுவாகச் சேர்த்தார். தாளை அவர் முன்னால் தள்ளி, "இந்த மூணை நீங்க வாசிச்சுக் காட்டுங்க டீச்சர்," என்றேன். குனிந்தார், ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார், பிறகு கீழே வைத்துவிட்டார். தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். கடை திறந்த நாள் முதல் அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாளே அவளுக்கு மட்டும் வேறு கேள்விகளோடு மறுதேர்வு. என் வரியை அழித்துவிட்டு, அடுக்கு எண்ணுக்குப் பதினாறு பாயிண்ட் கொடுத்தேன். தாள் ஒன்பது பக்கத்துக்குப் போனது, போகட்டும் என்று விட்டேன். இந்த முறை ஒவ்வொரு அடுக்கையும் விரல் வைத்துப் பார்த்தேன். தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வராந்தாவில் நின்றேன்.

மூன்று மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் ஓட்டமாக வந்தாள்.

"கடைசிக் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன் அக்கா! அடுக்கு மூணுன்னு நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ரெண்டால வகுத்துட்டேன்!"

வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தத் தப்பு முழுக்க முழுக்க அவள் போட்டது.