தெருமுனையில் கொட்டிய கஷாயச் சக்கை

எங்கள் செங்டு நகரத்தில் எல்லாவற்றுக்கும் ஈரம்தான் காரணம். முழங்கால் வலித்தால் ஈரம், தலை சுற்றினால் ஈரம், மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதற்கும் ஈரம். அதனால் தாவ் அக்கா வீட்டு நாய்க்கு இடுப்பு மூட்டு வீங்கியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அது கத்தியதுதான் பிரச்சினை.

குடியிருப்பு வாசலில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள் நான். உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லாரும் என் அண்டாவைத் தாண்டித்தான் ஆகவேண்டும். எனக்குத் தெரியாத சங்கதி கிடையாது; தெரியவேண்டாம் என்று நான் காதைப் பொத்திக்கொண்டதும் சேர்த்துத் தெரியும்.

தாவ் ருய்சென், நாங்கள் கூப்பிடுவது தாவ் அக்கா, முப்பது வருஷம் நகரப் பேருந்தில் கண்டக்டர். அவள் புருஷன் பெய் அதே பேருந்தில் டிரைவர். அவர் வண்டியை ஓட்டினார், அவள் அவரை ஓட்டினாள். ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு கடைசி நிறுத்தத்தில் ஒரு குட்டி நாய் ஏறியது. தாவ் அக்காவின் பணிக்காலத்திலேயே டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்த ஒரே ஆள் அதுதான். மாந்தௌ என்று பெயர் வைத்தார்கள். அவித்த பன் மாதிரி வெளுப்பாக, உருண்டையாக இருக்கும். பெற்ற மகன் ஷாங்காயிலிருந்து வருஷத்துக்கொரு முறை எட்டிப் பார்ப்பான். மாந்தௌ தினமும் அவர்கள் காலடியில் படுத்துக்கொள்ளும். யார் மேல் பாசம் அதிகம் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

அந்த நாய்க்கு வயதாகிவிட்டது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் வீடு. தூக்கிக்கொண்டு படி இறங்கினால், ஒவ்வொரு படிக்கும் ஒரு அலறல். குடியிருப்புக் கூட்டத்தில் மூன்றாவது மாடி ஷி டீச்சர் எழுந்தார். தனியாக இருப்பவர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, வார்த்தையிலும் அப்படித்தான்.

"நிலாப் பண்டிகை வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள அந்த நாய் கத்துறத நிறுத்தணும். இல்லன்னா அது இங்க இருக்கக்கூடாது."

எல்லாரும் கை தூக்கினார்கள். கை தூக்குவதற்கு எங்கள் ஆட்களைப் போல யாரும் கிடையாது. பெய் அண்ணன் நாயின் காதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வலி மாத்திரை கொடுத்தால் மாந்தௌ வாந்தி எடுத்தது. ஆகவே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டு மருத்துவம் பார்க்கிற கால்நடை டாக்டரிடம் போனார்கள். சின்னப் பெண். எக்ஸ்ரேயைப் பார்த்தாள், தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். மாந்தௌ சமர்த்தாக நாக்கை நீட்டியது.

"பாத்தியா கிழவா, நாய்க்கு இருக்கிற அறிவு உனக்கு இருக்கா? டாக்டர் முன்னாடி நீ என்னிக்காவது ஒழுங்கா வாயத் தொறந்திருக்கியா?" என்றாளாம் தாவ் அக்கா.

"வீட்டுல வாயத் தொறக்க நீ விட்டாத்தானே பழக்கம் வரும்?" என்றாராம் அவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "மூட்டுல அழற்சி. குளிரும் ஈரமும் உள்ள இறங்கியிருக்கு. கஷாயம் தரேன், அக்குபங்சர் ஊசியும் குத்துவோம். எடைக்கு ஏத்த அளவுதான், ரொம்பக் கொஞ்சம். சீக்கிரம் குணமாகட்டும்னு நீங்களா ஒரு பிடி அள்ளிப் போட்டீங்க, வேற வியாதியோட வந்து நிப்பீங்க."

கஷாயம் வேப்பங்காய்க் கசப்பு. ஈரல் வேகவைத்த தண்ணீரில் கலந்தாலும் மாந்தௌ பல்லைக் கடித்துக்கொள்ளும். கடைசியில் பெய் அண்ணன் வழி கண்டுபிடித்தார். முதல் வாய் அவர் குடித்து, "ஆஹா, என்ன ருசி!" என்று சொல்லவேண்டும். இரண்டாவது வாய் நாய் குடிக்கும். காலையில் அவர் என் கடைக்கு வந்தால் மருந்துக்கடையே நடந்து வருகிற வாசனை.

கஷாயம் காய்ச்சினால் சக்கையைத் தெருவில் கொட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம். போகிறவர் மிதித்தால் நோய் அவர் காலோடு போய்விடும் என்று நம்பிக்கை. நல்லவர்கள் மிதித்துவிட்டுப் போவார்கள், புத்திசாலிகள் சுற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் குடியிருப்பு முழுக்கப் புத்திசாலிகள். தாவ் அக்கா தினமும் சரியாக என் கடை வாசலில் கொட்டினாள். "எங்க மாந்தௌவோடதுதான், யாருகிட்டயும் மூச்சு விடாத," என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனாள். நானும் மூச்சு விடவில்லை. விடவேண்டிய அவசியமும் வரவில்லை, ஏனென்றால் ஓவ்யாங் ஐயா இருந்தார்.

ஓவ்யாங் ஐயா மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். கல்லாவில். ஆனாலும் அந்தக் காற்றைச் சுவாசித்ததால் மருத்துவம் தானாகவே தலைக்குள் ஏறிவிட்டதாக அவருக்கு நினைப்பு. கைத்தடியால் சக்கையைக் கிளறினார். கூட்டம் கூடியது.

"இது பட்டைக்குச்சி. இது தாங்குய் வேர். இது குந்திரிக்கம். அளவப் பாத்தீங்களா? சின்னப் புள்ளைக்குக் குடுக்கிற அளவு! அந்த வீட்டுல சின்னப் புள்ள ஏது? அப்ப என்ன அர்த்தம்? பெய்யோட உடம்பு முழு மருந்தத் தாங்கல." குரலைத் தாழ்த்தினார். "கடைசிக் கட்டம்."

அடேயப்பா! அன்று சாயங்காலத்துக்குள் பெய் அண்ணனுக்கு ஐந்தாறு வியாதி வந்துவிட்டது. ஆரஞ்சு வந்தது, முட்டை வந்தது, கறுப்புக் கோழி சூப் வந்தது. நாயை விரட்டக் கை தூக்கிய அதே கைகள் சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறின. புத்திசாலிகள் எல்லாரும் வரிசையாக வந்து சக்கையை மிதித்தார்கள். சாகப்போகிறவரின் நாயைத் துரத்துவது பாவம் என்று பேச்சு மாறியது. தாவ் அக்கா ஒரு பொய்யும் சொல்லவில்லை. "என்ன பண்றது, எல்லாம் விதி," என்று பெருமூச்சு மட்டும் விட்டாள். பெய் அண்ணன் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருமினார். எடையும் கூடியது.

மாந்தௌவின் கத்தல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கஷாயமா, ஊசியா, பெய் அண்ணன் மடியில் போட்டு இடுப்பை நீவியதா, எனக்குத் தெரியாது. ஓவ்யாங் ஐயாவைக் கேட்டால் தெரிந்திருக்கும்.

நிலாப் பண்டிகை வந்தது. முற்றத்தில் எல்லாரும் கூடியிருந்தோம். ஷி டீச்சர் கையில் நிலாப் பணியாரப் பெட்டி, பெய் அண்ணனுக்காக. அப்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம். மாந்தௌ நாலுகால் பாய்ச்சலில் வந்து, மேஜையிலிருந்து ஒரு பணியாரத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. அதன் பின்னால், கடைசிக் கட்டத்தில் இருந்த பெய் அண்ணன், ஐந்து மாடியையும் ஒரே மூச்சில் இறங்கி, "டேய், அதுல சீனிடா, துப்புடா!" என்று முற்றத்தைச் சுற்றி ஓடினார்.

எல்லாருடைய தலையும் தாவ் அக்கா பக்கம் திரும்பியது.

"மருந்து நாய்க்கு," என்றாள் தாவ் அக்கா. "அவருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்? நீங்களா கொண்டாந்தீங்க. வேண்டாம்னா மரியாதையா இருக்குமா?"

"அப்ப நாங்க மிதிச்சது நாயோட வியாதியா?" என்று ஒருத்தி செருப்பைக் கழற்றிப் பார்த்தாள்.

ஓவ்யாங் ஐயா தொண்டையைச் செருமினார். "நான் மருந்தச் சரியாத்தான் சொன்னேன். நோயாளிதான் மாறிப்போச்சு."

இனி ஷி டீச்சர் வெடிப்பார், நாய்க்கு இன்றோடு சரி என்றுதான் நினைத்தேன். பெய் அண்ணன் மாந்தௌவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். டீச்சர் பெட்டியை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"போன குளிர்காலத்துல நானும் அதே எடத்துலதான் கொட்டினேன்," என்றார். "முழங்கால் வீங்கி, படியில உக்காந்து உக்காந்து ஏறினேன். யாரு வீட்டுச் சக்கைன்னு ஒருத்தர் கேக்கல. ஓவ்யாங் ஐயா, நீங்க குனிஞ்சுகூடப் பாக்கல. வழுக்குது, அள்ளிப் போடுங்கன்னு சொன்னீங்க. இந்த நாய் கத்துச்சு, ஊரே கூடிப் பேசிச்சு. எனக்குக் கத்த வரல."

பேருந்து முழுக்கக் கேட்கக் கத்திய தாவ் அக்கா அன்று டீச்சர் பக்கத்தில் போய் மெல்லிய குரலில் பேசினாள்.

"இப்பவும் வலிக்குதா டீச்சர்?" என்றாள்.

"ம்."

"கஷாயம்?"

"நிறுத்திட்டேன். யாருக்காகக் காய்ச்சணும்?"

"நாளைக்கே டாக்டரப் பாக்கப் போறோம். நான் கூட வரேன். பயப்படாதீங்க, மனுஷ டாக்டர்தான்."

அதற்கு மறுநாள் காலை என் கடை வாசலில் புதுச் சக்கை, கருப்பாக, ஆவி பறக்க. தாவ் அக்கா நாயோடும் புருஷனோடும் இறங்கி வந்தாள். நட்டநடுவில் நின்று இரண்டு காலாலும் மிதித்தாள். மாந்தௌவின் நாலு காலையும் பிடித்து அழுத்தினாள். ஓவ்யாங் ஐயா சுவரோரமாக நழுவப் பார்த்தார்.

"எங்க சுத்திப் போறீங்க? மிதிச்சிட்டுப் போங்க! டிக்கெட் எடுக்காம இந்த ஸ்டாப்பத் தாண்ட முடியாது!"

ஐயா மிதித்தார். பின்னால் வந்தவர்களும் மிதித்தார்கள். தாவ் அக்கா தலையை நிமிர்த்தி, பழைய கண்டக்டர் குரலில் கத்தினாள்: "டீச்சர்! எல்லாரும் மிதிச்சாச்சு!"

மூன்றாவது மாடி ஜன்னல் திறந்தது. "பாத்து, வழுக்கும்," என்றார் ஷி டீச்சர்.

அண்டா பொங்கினால் பொங்கட்டும் என்று நானும் போய் மிதித்தேன். சக்கையில் இன்னும் சூடு இருந்தது.